கண்ணை மூடிக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேய்ப்படம் பார்ப்பதெல்லாம் வெட்டி வேலை என்று சில வாரங்களுக்கு முன் வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். எனக்கு வயது அறுபத்தாறு. நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஐம்பது வருடத்துக்கு மேல் பேய்ப்படம் பார்த்திருக்கிறேன், இரண்டும் ஒன்றையொன்று கெடுத்ததில்லை.

இந்தக் கிறுக்கு எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. 1957இல் சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் திரைப்பட நிறுவனம், பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேயை வைத்து 'பொந்தியானாக்' படத்தை வெளியிட்டபோது அம்மாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நடித்தவர் மரியா மெனாடோ. இயக்கியவர் பி.என். ராவ், இந்தியாவிலிருந்து வந்து நம் ஈஸ்ட் கோஸ்ட் ரோடு ஸ்டுடியோவில் மலாய்ப் பேயைப் படம் பிடித்தவர். அந்த ஓட்டத்தைப் பார்த்து அடுத்த ஆண்டே ஒரே எண்ணெய்ப் பேயை இரண்டு ஸ்டுடியோக்கள் போட்டி போட்டு எடுத்தன. கேத்தே-கெரிஸுக்கு எல். கிருஷ்ணன் 'ஓராங் மிஞ்ஞாக்' எடுத்தார், ஜாலான் அம்பாஸில் ஷா நிறுவனத்துக்காக பி. ரம்லி 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்' எடுத்தார். இந்த ஊர்ப் பேய்களில் நம்மவர்களின் கைவேலை இவ்வளவு இருக்கிறது என்பது இப்போதைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பொந்தியானாக்கின் கழுத்துக்குப் பின்னால் ஆணி அடித்தால் அது பெண்ணாகி அடங்கியிருக்கும், ஆணியைப் பிடுங்கினால் பழையபடி பேய்தான். பக்கத்து வீட்டு மலாய் மாச்சிக் (அத்தை மாதிரி) இதைச் சொன்னபோது அம்மா கொஞ்சம்கூட அசரவில்லையாம். "எங்க ஊர்ல முடியைப் பிடிச்சுப் புளியமரத்துல வெச்சு ஆணி அடிப்பாங்க" என்றாராம். கெம்போஜா, அதாவது பெருங்கள்ளிப் பூ வாசம் வந்தால் சன்னலைச் சாத்து என்று அவர் சொல்ல, இரவில் மல்லிகை வைத்துக்கொண்டு வெளியே போகாதே என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேய்க்கதை பேசியே பாதி மலாய், பாதி தமிழ் கற்றுக்கொண்டார்கள்.

நான் திரையரங்கில் பயந்த முதல் தமிழ்ப் படம் 1978இல் வந்த 'ஆயிரம் ஜென்மங்கள்'. ரஜினியின் தங்கையாக லதா, அவர் உடம்பில் வேறொருத்தியின் ஆவி. தங்கைக்குள் இருப்பது தங்கை இல்லை என்று அண்ணனுக்கு மட்டும் புரிகிற இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. (2014இல் 'அரண்மனை' பார்த்தபோது, இந்த அண்ணன் தங்கையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அது கிடக்கட்டும்.) அப்போது எங்கள் தோ பாயோ புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. முதல், ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான். எங்கள் வீடு ஏழாவது மாடி. இரவுக் காட்சி முடிந்து ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே நடக்கவேண்டும், எட்டாவது மாடித் திருப்பத்தில் விளக்கு பல நாளாக எரியவில்லை, யாரோ வைத்த பூச்செடியின் நிழல் ஆள் குத்தவைத்த மாதிரி சுவரில் விழும். பதினெட்டு வயது ஆம்பளை நான், அந்த நிழலைத் தாண்டுவதற்குள் கந்தர் சஷ்டி கவசத்தில் பாதியைச் சொல்லி முடித்துவிட்டேன்.

புதுப்படங்களை நான் ஒதுக்குகிறவன் இல்லை. 2009இல் வந்த 'யாவரும் நலம்' நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கென்றே எடுத்தது போல இருக்கும். பதின்மூன்றாம் மாடி, எல்லாருக்கும் ஓடும் மின்தூக்கி மாதவனுக்கு மட்டும் ஓடாது, மதியம் ஒரு மணித் தொடரில் அவர் வீட்டில் நடப்பதெல்லாம் அப்படியே நடக்கும். பேயைச் சந்து பொந்தில் தேட வைக்காமல் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் உட்கார வைத்த மூளையைப் பாராட்டவேண்டும். 2015இல் வந்த 'டிமான்டி காலனி'யில் நான்கு பையன்களை ஓர் அறையில் பூட்டியே முக்கால்வாசிப் படத்தை ஓட்டினார்கள். போன வருடம் பேத்தியோடு மலையாளப் 'பிரமயுகம்' பார்த்தேன், 2024இல் வந்தும் முழுக்கக் கறுப்பு வெள்ளை. "தாத்தா, டிவி ரிப்பேரா?" என்று ஆரம்பித்தவள், மம்மூட்டி பகடை உருட்டும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் குறை வேறு. 'காஞ்சனா' ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பேய்க்கும் ஒரு காமெடி கூட்டம், ஒரு குத்துப்பாட்டு, ஒரு பிளாஷ்பேக் வேண்டும் என்றாகிவிட்டது. 'காஞ்சனா'வில் திருநங்கையாக சரத்குமார் வரும் பகுதிக்கு ஒரு கோபமும் நியாயமும் இருந்தன, பின்னால் வந்தவர்கள் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்தச் சத்தம்! கதவு திறந்தால் டமார், பூனை குதித்தால் டமார். காதுதான் வலிக்கிறது. சீனர்கள் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்காக நடத்தும் கேத்தாய் பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விட்டிருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? இசை அலறும், பாட்டுக்காரி மின்னுவார், ஆனால் என் கண் அந்தக் காலி நாற்காலிகளை விட்டு நகராது. ஒரு பைசா செலவில்லை அதற்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 'பொந்தியானாக்' படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. அதன் இரண்டாம் பாகமும் போய்விட்டது, 1958இல் வந்த மூன்றாவதுதான் தப்பியது. முதல் படத்தின் கதை ஏட்டில் இருக்கிறது. மந்திரத்தால் அழகியான ஒருத்தி, ரத்தம் நாக்கில் படக்கூடாது என்று நிபந்தனை, ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்க, விஷத்தை உறிஞ்சப்போய் அவள் பேயாகிறாள். அந்த நொடியில் திரையில் என்ன காட்டினார்கள், முகம் மெல்ல மாறியதா, இருட்டினார்களா, சிரிப்பு மட்டும் கேட்டதா? அம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டேன். அந்த இடத்தில் அவர் அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாராம். அப்பாவைக் கேட்டால், "உங்கம்மா தலை மறைச்சிருச்சு" என்பார். இருவரும் இப்போது இல்லை.

அன்று பார்த்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டி, அந்தக் காட்சியை மட்டும் கேட்டு எழுதி அனுப்புங்கள். ஆசிரியரும் அதற்குக் கொஞ்சம் இடம் தரவேண்டும்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்