பங்கர் கிடந்த இடம்

உரும்பிராய்

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய வலைத்தொட்டில் வந்து சேர்ந்து இரண்டு மாதமாகிறது. ஒருநாளாவது அதில் படுத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுவோம் என்று இருந்தேன், அதுதான் பிந்திவிட்டது. இடையில் ஒருமுறை படுக்கப்போய் நிலத்தில் விழுந்ததையும் சொல்லத்தான் வேணும்.

"இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டு" என்று நீ சும்மா எழுதிவிட்டாய். உன் நினைவில் எங்கள் பின்வளவு இன்னும் 1990இல்தான் நிற்கிறது போல. அந்த இரண்டு மாமரமும் இல்லையடா. இடம்பெயர்ந்து போய் 1996இல் திரும்பி வந்தபோதே இல்லை. இப்போது நிற்பது ஒரு வேம்பும் முருங்கையும் மூன்று தென்னையும். முருங்கை காய் தரும், ஆள் தாங்காது. தென்னைக்குக் கீழே படுத்தால் தேங்காய் விழுமோ என்று வட்டைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேணும், அதில் என்ன நித்திரை?

அதனால் தூண் நடுவது என்று முடிவெடுத்தேன். முதலில் பனங்குற்றிதான் நினைப்பில் வந்தது. மேசன் வேண்டாம் என்றான். பனையில் வைரம் எல்லாம் வெளிச்சுற்றில்தான், நடுவில் சோற்றி. கூரைக்குச் சிலாகையாகக் கிழித்துப் போட்டால் தலைமுறைக்கு நிற்கும். ஈரமண்ணில் புதைத்தால் கறையானுக்கு விருந்து. அது சரிதான் என்று மூன்று அங்குல இரும்புப் பைப் இரண்டு வாங்கினேன், ஒவ்வொன்றும் ஒன்பதடி. கொங்கிறீற்று எதற்கு என்று என் புத்திக்குப் பட்டது. இரண்டடிக் குழி வெட்டி, கல்லும் மண்ணும் போட்டு இடித்து இறுக்கி, உடுப்புக் காயப்போடும் கொடியைப் போல வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். ஏறிப் படுத்துப் பத்து எண்ணியிருக்க மாட்டேன், கிழக்குத் தூண் என்னைப் பார்த்துக் கும்பிட்டது. மனிசி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று சிரித்த சிரிப்பு பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும்.

மேற்குத் தூண் அசையவில்லை. ஒரே ஆழம், ஒரே பைப், பிறகு ஏன் ஒன்று மட்டும்? அம்மா விறாந்தைக் கதிரையில் இருந்தபடி சொன்னா: "அது பங்கர் கிடந்த இடமெல்லோ."

குண்டுக்குப் பதுங்க நானும் நீயும் வெட்டிய பங்கர் மச்சான். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கி, பொம்மர் வரத்தொடங்கின நேரம், மூன்று நாளாக மாறிமாறி வெட்டினோமே, 'ட' வடிவத்தில். மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டோம். திரும்பி வந்தபோது குற்றிகளைக் காணவில்லை. மிஞ்சின கிடங்கை அப்பா குப்பையும் சாம்பலும் கொட்டித்தான் மூடினார். அதற்கு மேல் எத்தனை மாரி பெய்தாலும் மூடின மண் வெட்டாத தறையைப் போல இறுகாது. மேலே புல்லு முளைத்து ஒன்றும் தெரியாமல் கிடந்திருக்கிறது.

கிழக்குத் தூணைப் பிடுங்கி, ஐந்தடி தள்ளி வெட்டாத மண்ணில் புதுக்குழி தோண்டினோம். இரண்டரை அடியில் அலவாங்கு 'ணங்' என்றது. எங்கள் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டுகிறவனுக்கு அது சத்துரு, தூண் நடுகிறவனுக்கு அதைப்போல உதவி இல்லை. இன்னும் அரையடி கல்லைக் குடைந்து பைப்பை அதற்குள் இறக்கினோம். அப்புறம் மேற்குத் தூணையும் கிளப்பி, அதே மூன்றடிக்கு இறக்கினோம். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு. ஆள் படுத்தால் தூண் உட்பக்கம்தான் இழுபடும், ஆகவே இரண்டையும் ஒரு கை அகலம் வெளிப்பக்கம் சாய்த்து விட்டோம். தூணைச் சுற்றி மழைத்தண்ணி தேங்காமல் கொங்கிறீற்றைச் சரிவாக வழித்து, ஏழு நாள் ஈரச்சாக்குச் சுற்றினேன். பைப்பின் வாயையும் அடைத்தாயிற்று.

நீயும் கனடாவில், ஸ்காபரோவில் தூண் நடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய், அதனால் ஒன்று சொல்கிறேன். தூண் எவ்வளவு தடிப்பு என்பதைவிடக் கயிறு எவ்வளவு தொய்யுது என்பதுதான் பெரிய விசயம். ஆள் படுத்திருக்கும்போது கயிற்று வழியே இரண்டு முழம் அளந்தால் ஒரு முழம் கீழே இறங்கியிருக்க வேணும். அப்படித் தொங்கினால் 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு கயிற்றிலும் 80 கிலோ இழுவை. நான் கட்டினது போல விறைப்பாக, கிடையிலிருந்து 10 பாகை மட்டும் இறங்கினால், அதே ஆளுக்கு ஒரு கயிற்றில் 230 கிலோ! பங்கர் மண் என்ன, நல்ல மண்ணே இளகியிருக்கும். உங்கள் பக்கம் குளிருக்கு மண் நாலடி வரை உறையும் என்கிறார்கள், அதற்குக் கீழே இறக்காவிட்டால் பனி தூணைக் கிளப்பிவிடும். எனக்குக் கல், உனக்குப் பனி.

பழைய குழியை மூடுமுன் மேசன் ஒரு போத்தலை எடுத்துத் தந்தான். ஜாம் போத்தல். மூடியில் துளை, உள்ளே திரி மக்கி ஒட்டிக்கிடக்கிறது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலத்தில் அந்த விளக்கை வைத்துக்கொண்டு நீ பங்கருக்குள் இரசாயனம் படித்தாய், நான் நித்திரை கொண்டேன். கழுவி யன்னலில் வைத்திருக்கிறேன். மனிசி எறியச் சொல்கிறாள்.

மற்றபடி எல்லோரும் சுகம். தங்கச்சியின் மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்துவிட்டது, உன்னைக் கேட்டா.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் துருப்பிடிக்காத கொளுக்கி இரண்டு வாங்கி வா, இங்கே வாங்கினது உப்புக்காற்றுக்கு ஒரு மாதத்திலேயே சிவந்துவிட்டது. உன் இப்போதைய நிறையையும் எழுது. படத்தைப் பார்த்தால் 80 கிலோக் கணக்கு உனக்குச் சரிவராது போலிருக்கிறது.

இப்படிக்கு,
உன் பழைய பங்கர்க் கூட்டாளி