சித்தப்பா, அந்தத் துண்டுத்தாளுக்காக

அன்புள்ள சித்தப்பா,

நீங்கள் படித்துக்கொண்டிருந்த மர்மக் கதையில் குற்றவாளி யாரென்று நான் போட்டு உடைத்து நாளையோடு ஒரு வருடம். எந்தப் புத்தகம் என்று இங்கே எழுதமாட்டேன். நாலு பேர் படிக்கிற இடம்; இன்னொருவருக்கும் அதைக் கெடுக்க வேண்டாம்.

அந்தத் துண்டுத்தாள்தான் கண்ணிலேயே நிற்கிறது. பென்சிலால் ஏழு பெயர். நாலை அடித்திருந்தீர்கள். மிச்சம் மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. அதன்மேல் விரலை வைத்து "இவர்தான்" என்றேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. பென்சிலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினீர்கள். இன்னும் அறுபது பக்கம் பாக்கி.

தப்புதான். ஆனால் முடிவு தெரிந்ததுமே உயிர் போய்விடுகிற கதை நல்ல கதைதானா? அன்றைக்கே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பதிலுக்கு, என் வாயால் கெடுக்க முடியாத நாவல்களாகப் பொறுக்கியிருக்கிறேன்.

முதலில் மேகி ஓ'ஃபாரலின் 'ஹாம்நெட்' (2020). பையன் 1596இல் பதினோரு வயதில் இறந்தான் என்று கதை தொடங்குமுன்பே அச்சிட்டுவிடுகிறார்கள். அப்பா ஷேக்ஸ்பியர், ஆனால் அந்தப் பெயர் நாவலில் எங்குமே வராது. நடுவில் ஓர் அத்தியாயம் முழுக்க, பிளேக் நோயைச் சுமந்து வரும் ஒரு தெள்ளுப்பூச்சியின் பயணம்: அலெக்சாண்ட்ரியாவில் ஒரு குரங்கிடமிருந்து கிளம்பி, கப்பல் ஏறி, கண்ணாடி மணிப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேரும். சாவு வருவது தெரிந்தே படிக்கிறோம், பக்கத்தைத் திருப்பத்தான் கை வராது. நோய் கண்ட நாளும் பெற்றோரின் பழைய வருடங்களும் மாறி மாறி வரும். முதல் முப்பது பக்கம் குழப்பினால் அதனால்தான். விட்டுவிடாதீர்கள்.

ஹிலரி மேன்டலின் 'வுல்ஃப் ஹால்' (2009) அவ்வளவு புதிதில்லை. ஆனால் உங்கள் துண்டுத்தாளுக்கென்றே எழுதியது போல இருக்கும். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அரசவை, நாயகன் குரோம்வெல். குரோம்வெல், மோர், வுல்சி, கிரான்மர், ஹோவர்டு என்று எல்லாருமே தாமஸ்! பலர் பாதியில் வைத்துவிடுவதற்குக் காரணம் வேறு: வெறும் 'அவன்' என்று வந்தால் பெரும்பாலும் அது குரோம்வெல்தான். இது பிடிபட்டுவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். முன்னால் உள்ள பாத்திரப் பட்டியலில் ஓர் அடையாளத் தாள் செருகி வையுங்கள். யார் யாரென்று இணையத்தில் தேடாதீர்கள். எவர் தலை எந்த வருடம் போனது என்பதைத்தான் முதல் வரியிலேயே சொல்வார்கள். அந்த விஷயத்தில் இணையம் என்னைவிட மோசம்.

ஒரு வருடமாக வீட்டில் எல்லாரிடமும் என்னைப் பற்றிச் சொன்னீர்கள், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஒரு கதைக்கு இவ்வளவு நீளமான தண்டனையா? சரி, மற்றதை இங்கே எழுத வேண்டாம்.

மர்மத்துக்கு வருகிறேன். கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' தொடக்கத்திலேயே கொலையைக் கண்முன் நடத்திக் காட்டிவிடும். செய்தவர் தெரியும், மறைக்கும் கணித ஆசிரியரையும் தெரியும். அப்புறம் என்ன மர்மம் என்பீர்கள். மறைத்த விதம்தான். அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டேன். விசாரணைப் பகுதிகளை வேகமாகப் புரட்டாதீர்கள்.

சுஜாதா மாசியின் 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' (2018) சரித்திரமும் மர்மமும் சேர்ந்தது. 1921, பம்பாய். கோஷாவில், அதாவது அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், இருக்கும் மூன்று விதவைகளிடம் ஆண் வக்கீல் போய்ப் பேச முடியாது. அதனால் ஒரு பெண் வக்கீலே துப்பறிபவர் ஆகிறார். காலத்தின் கட்டுப்பாடே கதைக்கு வழி திறக்கிறது. வேறொரு நூற்றாண்டுக்குத் தூக்கி வைத்தால் கதையே நடக்காது.

ஜேனிஸ் ஹாலெட்டின் 'தி அப்பீல்' (2021) முழுக்க மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும்தான். யார் செத்தது என்பதே வெகுநேரம் தெரியாது. போனில் வேண்டாம், அச்சுப் புத்தகமே வாங்குங்கள். அடிக்கடி பின்னால் புரட்டித் தேதி பார்க்க வேண்டிவரும்.

கடைசியாக பெஞ்சமின் ஸ்டீவன்சன் (2022). 'எவ்ரிஒன் இன் மை ஃபேமிலி ஹாஸ் கில்டு சம்ஒன்' (என் குடும்பத்தில் எல்லாருமே யாரையாவது கொன்றிருக்கிறார்கள்) என்று தலைப்பிலேயே போட்டு உடைத்துவிட்டார். எந்தெந்தப் பக்கத்தில் சாவு என்றுகூட ஆரம்பத்திலேயே எண் கொடுக்கிறார். 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்ற எழுத்தாளர் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளும் முன்னாலேயே இருக்கின்றன. துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. இதை முதலில் எடுங்கள்.

துண்டுத்தாள் நான் தருகிறேன். பென்சில் உங்களிடமே இருக்கிறது, அந்த அறுபது பக்கத்துக்கு முன்னால்.

உங்கள் அண்ணன் மகன்