ஹைம்வில் ஊராருக்கும் போலேலா ஆற்றங்கரையில் துணை வந்தவர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

மே மாதத் தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் தனியாக நடக்க வந்த டர்பன் பெண்மணியை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். என் பெயரைக்கூடக் கேட்காமல் உதவியவர்கள் நீங்கள். உங்கள் முகவரி என்னிடம் இல்லாததால் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் என் அண்ணன். ஐம்பதைக் கடந்தவள் தனியே மலைக்குப் போவதா என்று டர்பனில் நாங்கள் வசிக்கும் சாட்ஸ்வர்த்தில் உறவெல்லாம் கூடித் தடுத்தபோது, அவர் மட்டும் வரைபடத்தை விரித்து வைத்தார். "எந்த வழியாகப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய், அதைச் சொல்லிவிட்டுப் போ அம்மா" என்றார். அண்ணி பீன்ஸ் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டியைக் கட்டிக் கொடுத்தார். அந்த நாள் எனக்கு வாய்த்தது உங்கள் இருவராலும்தான்.

ஹைம்வில்லில் தங்க இடம் கொடுத்த அம்மையாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. எங்கள் அப்பா உழைத்து ஓய்ந்த காலமெல்லாம் அந்தச் சட்டத்துக்குள் கழிந்தது. மலையடிவார விடுதிகள் அவருக்குத் திறக்கவில்லை. நீங்கள் சாவியைக் கையில் வைத்து, கணப்படுப்பை மூட்டி, விடியுமுன் எழுந்து பிளாஸ்க்கில் தேநீர் நிரப்பித் தந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அப்போது சொல்லாத நன்றியை இப்போது ஏற்றுக்கொள்ளுங்கள். மண்சாலையில் டயர் பஞ்சரானபோது டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்து மாற்றிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டுப் போன பண்ணைத் தொழிலாளிக்கும் என் வணக்கம்.

காப்ஹம் வனக்காவல் வாயிலில் இருந்த தம்பிக்குத் தனி நன்றி. மலைப் பதிவேட்டில் நான் பாதி எழுதியதும் அவர் விடவில்லை. போகும் பாதை, திரும்பும் நேரம், வீட்டுத் தொலைபேசி எண், மேற்சட்டையின் நிறம் வரை கேட்டு எழுதவைத்தார். திரும்பி வந்து கையெழுத்திடாதவரைத் தேடத் தொடங்குவது அந்த ஏட்டை வைத்துத்தான். தனியாக நடப்பவர்கள் அதைச் சடங்காக நினைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நாளை என்னவென்று சொல்வது! கோடையில் பிற்பகல்தோறும் இடியும் மழையுமாக இருக்கும் மலை, இங்கே மே மாதத்தில் வரும் இலையுதிர் காலத்தில் அடங்கிவிடுகிறது. ஆறு வற்றித் தெளிந்து, கூழாங்கற்கள் தெரிய ஓடுகிறது. சரிவெங்கும் புல் பழுத்து, செம்பும் பொன்னும் கலந்த நிறத்தில் காற்றோடு சாய்கிறது. நிழலில் மட்டும் காலை உறைபனி கலையாமல் கிடந்தது. மேலே ஹாட்ஜ்சன் சிகரங்கள் அத்தனை தெளிவு. உச்சியில் ஒரு கழுகு வட்டமிட்டது. தாடிக் கழுகா, கேப் கழுகா என்று பிரித்தறியும் கண் எனக்கு இல்லை. பாறை மேல் உட்கார்ந்து அண்ணியின் ரொட்டியைத் தின்றபடி நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் காலணியின் அடிப்பகுதி அப்படியே பிரிந்து விழுந்தது. மேல்தோல் புதிதாகவே இருந்தது. பாலியூரித்தேனால் செய்த அடிப்பாகம், அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதையுமாம். டர்பன் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். பழைய காலணி வைத்திருப்பவர்கள் புறப்படுமுன் அடிப்பாகத்தை வளைத்து அழுத்திப் பாருங்கள்.

அப்போது வந்தவர்கள்தாம் அந்த இளம் தம்பதி. சானி கணவாய்ச் சாலையிலிருந்து புஷ்மன்ஸ் நெக் வரை, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் ஜயண்ட்ஸ் கப் பாதையில் முதுகுச் சுமையோடு நடந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மண்டியிட்டு, தன் பையிலிருந்த கயிற்றால் என் காலணியைக் குறுக்கும் நெடுக்குமாக இறுகக் கட்டினாள். அவள் கணவர் தன் ஊன்றுகோலைத் தந்தார். மேற்கே நெடுஞ்சுவராக மலை நிற்பதால் அந்தப் பள்ளத்தாக்கில் பொழுது சீக்கிரமே மறைந்து குளிர் இறங்கிவிடுகிறது. குடிசைக்குப் போய்ச் சுமையை இறக்கவேண்டிய களைப்பிலும், என் நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டு வாயில் வரை வந்தார்கள். "ஆன்ட்டி, அவசரமே இல்லை" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். மகளே, நீ நன்றாக இருக்க வேண்டும்.

வாயில் தம்பி பணிநேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பதிவேட்டோடு காத்திருந்தார். நான் கையெழுத்திட்ட பிறகுதான் விளக்கை அணைத்தார்.

ஊன்றுகோலை அன்றே திருப்பித் தந்துவிட்டேன். கயிறு என் காலணியோடு டர்பனுக்கு வந்துவிட்டது. அதைத் துவைத்துச் சுருட்டி, ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயுடன் காப்ஹம் வாயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கம் மீண்டும் வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊறுகாயில் வாயில் தம்பிக்கும் பங்கு உண்டு.

நன்றியுடன்,
சாட்ஸ்வர்த்திலிருந்து உங்கள் சகோதரி