செம்யோனவ் பொம்மையை வாங்கும் முன்

அம்பாசமுத்திரம்

அன்பு மகள் பூங்கொடிக்கு,

இங்கு அனைவரும் நலம். விடுமுறைக்கு வரும்போது உறவினர்களுக்கு மத்ரியோஷ்கா, அதாவது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ரஷ்ய மரப்பொம்மைகள், வாங்கி வருவதாக எழுதியிருந்தாய். நீ மருத்துவம் படிக்கும் நிஸ்னி நோவ்கோரோத் நகரிலிருந்து, இந்தப் பொம்மைகளைச் செய்யும் செம்யோனவ் ஊர் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். ஆகவே விமான நிலையக் கடையில் அவசரமாக எதையாவது எடுக்காமல், ஒரு நாள் அங்கேயே சென்று வாங்கு. கடைசல் பட்டறையிலேயே காலம் கழித்தவன் என்ற உரிமையில், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீ இடுப்பைப் பார். மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் அந்த இணைப்பில்தான் கடைசல்காரரின் கைத்திறன் தெரியும். தலைகீழாகப் பிடித்தால் கழன்று விழக்கூடாது. அதே சமயம் மல்லுக்கட்டாமல் திறக்கவும் வேண்டும். இதற்கான வேலை மரத்தை வெட்டும்போதே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் லிண்டன் மரத்தை வசந்தத்தின் தொடக்கத்தில் வெட்டி, பட்டையை உரித்து, வெடிக்காமலிருக்க அங்கங்கே சிறிது பட்டையை வளையமாக விட்டு, காற்றோட்டமாக அடுக்கி ஆண்டுக்கணக்கில் உலர்த்துகிறார்கள். ஒவ்வொரு மரத்துண்டும் ஈரத்துக்கு ஏற்ப வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும் என்பதால், ஒரு தொகுதியின் பொம்மைகள் அனைத்தையும் கூடுமானவரை ஒரே மரத்திலிருந்து கடைவார்கள். முதலில் உருவாவது திறக்க முடியாத கடைக்குட்டி. அதற்கேற்ப அடுத்ததன் கீழ்பாதியைக் கடைந்து, பிறகு மேல்பாதியைப் பொருத்தி உலரவிட்டால், அது சுருங்கி இறுகப் பற்றிக்கொள்ளும். தேர்ந்தவர்கள் அளவுகோலைத் தொடாமல் கண்ணளவிலேயே இத்தனையும் செய்கிறார்கள் என்பதைப் படித்தபோது, சொப்புச் சாமான் கடைபவனான எனக்கே பொறாமையாக இருந்தது.

இது தொன்றுதொட்டு வந்த பொம்மை என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே. முதல் மத்ரியோஷ்கா 1890-களில் மாஸ்கோவில் ஒரு பட்டறையில் பிறந்தது. கடைந்தவர் வசீலி ஸ்வியோஸ்தொச்கின், வண்ணம் தீட்டியவர் ஓவியர் செர்கேய் மல்யூத்தின். அதில் எட்டு உருவங்கள். வெளியே கறுப்புச் சேவலை ஏந்திய பெண், கடைசியில் துணியில் சுற்றிய கைக்குழந்தை. ஜப்பானியப் பொம்மை ஒன்றைப் பார்த்துச் செய்ததாகச் சொல்வதுண்டு. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மர முட்டைகளை ரஷ்யக் கடைசல்காரர்கள் அதற்கு முன்பே செய்துகொண்டுதான் இருந்தார்கள். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் பெற்ற பிறகு வெளிநாடுகளிலிருந்தும் கிராக்கி வந்தது. செர்கியெவ் பசாத் நகரம் இதற்குப் பெயர் பெற்றது.

செம்யோனவ் பொம்மையை அடையாளம் காண்பது எளிது. மாவுப்பசை தடவிய மரத்தின்மேல் சாயம் ஏற்றுவார்கள். சிவப்பும் மஞ்சளும் தூக்கலாக இருக்கும், முன்புறம் பெரிய ரோஜாக் கொத்து, சில இடங்களில் மரத்தின் இயல்பான நிறம் அப்படியே தெரியும். அரசியல் தலைவர்களின் முகம் வரைந்தவற்றை வாங்காதே. கூடத்தில் வைத்தால் வருகிறவர்களெல்லாம் சண்டைக்கு வருவார்கள். அதே ஊரில் கோக்லோமா எனப்படும் வண்ணம் தீட்டிய மரக் கிண்ணங்களும் கிடைக்கும். அவற்றில் மின்னுவது பொன்னன்று. அலுமினியத் தூள் பூசி, மெருகெண்ணெய் ஏற்றி, உலையில் சூடாக்குவதால் வரும் நிறம். அம்மாவுக்கு ஒன்று எடு. தம்பிக்கு, மாஸ்கோ வழியாக வரும்போது கிடைத்தால், பகரோத்ஸ்கோயெ கிராமத்து மரப்பொம்மை நல்லது: இரண்டு சட்டங்களை முன்னும் பின்னும் இழுத்தால் மனிதனும் கரடியும் மாறி மாறிப் பட்டடையில் சம்மட்டி அடிப்பார்கள்.

கொண்டுவந்தபின் நம் ஊர் ஈரத்தில் மத்ரியோஷ்கா உப்பி இறுகக்கூடும். திருகித் திறக்க முயன்றால் வண்ணம் உரியும். சில நாள் உலர்ந்த இடத்தில் வைத்தால் தானே தளரும் என்று வாங்கிக்கொள்கிறவர்களிடம் சொல்லிவிடு.

எனக்கு வண்ணப் பொம்மை வேண்டாம். தீட்டுவதற்கென்று வெறும் கட்டையாகவே தொகுதிகளை விற்கிறார்கள். அதில் ஒன்று போதும். உட்சுவர் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது, உளி எந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான பணத்தைத் தனியாக அனுப்புகிறேன். விடுதிக் கட்டணத்தில் கைவைக்காதே.

அன்புடன்,
அப்பா