ஜெபிக்க வார்த்தை வரலன்னு சொன்ன தங்கச்சிக்கு

அன்பு தங்கச்சிக்கு, ஸ்தோத்திரம்.

அன்னைக்கு போன்ல நீ "அக்கா, முட்டி போட்டா வார்த்தையே வரல, ரெண்டு நிமிஷத்துல மனசு பிள்ளைங்க டிபன் பாக்ஸ்ல போய் நிக்குது"ன்னு சொன்னப்ப உன் குரல் கம்மிப்போச்சு, அது இன்னும் என் காதுலயே இருக்கு. உனக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சுன்னு நினைக்காத. நீ பேச்ச உன் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிற, அவ்வளவுதான். முதல்ல ஆண்டவர் தன் வசனத்துல பேசட்டும்.

ஜார்ஜ் முல்லர் தெரியும்ல, இங்கிலாந்துல பிரிஸ்டல்ல பத்தாயிரத்துக்கு மேல அனாதைப் பிள்ளைங்கள ஜெபத்தாலயே போஷிச்சவரு, அவருக்கே இந்தப் பாடு இருந்துச்சு. பத்து வருஷத்துக்கு மேல காலைல டிரஸ் பண்ணினதும் நேரா ஜெபத்துக்குப் போயிடுவாராம், ஆனா மனசு அலையுறதுலயே கால் மணி நேரம், அரை மணி நேரம் போயிடும், அப்புறம்தான் உண்மையா ஜெபிக்கவே ஆரம்பிச்சிருக்கார். 1841-ல இத அவரே எழுதி வச்சிருக்கார். அப்புறம் முறைய மாத்திட்டார், முதல்ல வசனத்த எடுத்து தியானிக்கிறது, அதுவும் பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்க இல்ல, தன் ஆத்துமாவுக்கு ஆகாரமா. கொஞ்ச நிமிஷத்துலயே அது பாவ அறிக்கையாவோ, நன்றியாவோ, மத்தவங்களுக்கான மன்றாட்டாவோ தானா ஜெபமா மாறிடுச்சாம்.

சங்கீதம் 1-ல "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்"னு வருதுல்ல, அந்த தியானத்துக்கு எபிரெயத்துல ஹாகான்னு ஒரு சொல். வாய்க்குள்ள முணுமுணுக்கிறதுன்னு அர்த்தம். ஏசாயா 31-ல சிங்கம் இரைய வச்சுக்கிட்டு உறுமுறதுக்கும், 38-ல புறா புலம்புறதுக்கும் இதே சொல்தான். அதனால கண்ண மூடி மனச வெறுமையாக்கிட்டு உட்காரணும்னு இல்ல, மாடு அசைபோடுற மாதிரி வசனத்த வாய்லயே வச்சுகிட்டு இரு, பாத்திரம் கழுவும்போதும் சரி.

என் கதை ஒண்ணு சொல்றேன். அம்மாவ ஆஸ்பத்திரில வச்சிருந்த ராத்திரி, வராண்டா பெஞ்சுல யோவான் 5 எடுத்தேன். இறங்கினா வியாதி குணமாகும்னு ஜனங்க நம்பின ஒரு குளத்துக்கரைல, 38 வருஷமா வியாதியா இருந்தவன்கிட்ட இயேசு "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா"ன்னு கேக்கிறார். அவன் ஆமான்னு சொல்லவே இல்ல பாரேன், என்னைக் குளத்துல இறக்கிவிட ஒருவருமில்லைங்கிறான். அந்த "ஒருவருமில்லை"ல நான் நின்னுட்டேன், அதத் தாண்டி வாசிக்க முடியல, ஏன்னா சாயங்காலத்துல இருந்து நானும் அதையேதான் மனசுக்குள்ள சொல்லிட்டு இருந்தேன். யாரும் வரல, யாரும் போன் பண்ணல. திரும்பத் திரும்ப அந்த ஒரு வார்த்தையவே முணுமுணுத்தேன், கொஞ்ச நேரத்துல அது அவன் வார்த்தையா இல்லாம என் வார்த்தையாவே ஆகி "ஆண்டவரே எனக்கு ஒருவருமில்லை"ன்னு வாய்விட்டு வந்துருச்சு, அப்பதான் உறைச்சுது, ஒருவருமில்லைன்னு அவன் யார்கிட்ட சொல்லிட்டு இருக்கான்? எதிர்ல நிக்கிறவர்கிட்டயே! அதுக்கப்புறம் அழுகையும் ஜெபமுமா விடியுற வரைக்கும் போச்சு, வார்த்தைய நான் தேடவே இல்ல.

தினமும் இப்படி அழுகை வரும்னு எதிர்பாக்காத. பல நாள் ஒண்ணும் தோணாது, வாசிச்ச வசனம் மட்டும் கூட வரும், அதுவும் நல்லதுதான். மூணு அதிகாரத்த ஓட்டமா முடிக்கணும்னு மட்டும் அவசரப்படாத.

நாளைக்கு பிள்ளைங்க எழும்புறதுக்கு முன்னாடி யோவான் 5, ஒண்ணுல இருந்து ஒன்பது வசனம் போதும், சத்தமா மெதுவா ரெண்டு தடவ வாசி. எந்த வார்த்தைல நின்னேன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்பு, நான் பாத்துட்டே இருப்பேன்.

உன் அக்கா