‘இல்லை’ என்று வரும் முடிவையும் எழுது

அன்பு மகள் கயலுக்கு,

பேதியோடு ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளின் பதிவேட்டை எழுதும் நீ, போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. ‘இந்த மாதம் ரோட்டா வைரஸ் என்று உறுதியான குழந்தைகள் மிகவும் குறைவு. வராத நோயை எண்ண நான் எதற்கு அம்மா?’ என்றாய். அவசரத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வேலூரில் நான் குழந்தைகள் வார்டில் செவிலியராகச் சேர்ந்தபோது, சிறு குழந்தைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் இந்த வைரஸுக்குத் தடுப்பு மருந்து இல்லை. எட்டு மாதம், பத்து மாதக் குழந்தைகள் வாந்தியும் பேதியுமாக வருவார்கள். கண் குழிந்திருக்கும், அழுதால் கண்ணீர் வராது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லத்தான் படியும். உப்பு சர்க்கரைக் கரைசலோ டிரிப்போ கொடுத்துத் தேற்றுவோம். எந்தக் கிருமி என்று தெரியாமலே ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். அடுத்த குழந்தை அந்தக் கட்டிலுக்கு வராமல் தடுக்க வேண்டுமானால் அது தெரிந்தாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2005இல் ரோட்டா கண்காணிப்பைத் தொடங்கியது அதற்காகத்தான். பேதிக்காக அனுமதிக்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மலத்தைச் சோதித்ததில், 100 பேரில் ஏறக்குறைய 40 பேருக்கு ரோட்டா. அந்த எண் கையில் இருந்ததால்தான் தடுப்பு மருந்து வேண்டும் என்று அரசிடம் அழுத்திக் கேட்க முடிந்தது. 2016இல் தடுப்பு மருந்து முதலில் வந்த நான்கு மாநிலங்களில், இப்போது நீ இருக்கும் ஒடிசாவும் ஒன்று.

மருந்து நாடு முழுவதும் பரவிய பிறகு அந்த 40 என்பது 20 ஆகிவிட்டது. பாதிதானே குறைந்திருக்கிறது என்று எண்ணாதே. முன்பு 40 ரோட்டா, 60 வேறு காரணம். அந்த 60 மாறாமல் இருந்தால், மொத்தத்தில் ரோட்டா 20 சதவீதமாக வேண்டுமென்றால் 15 குழந்தைகள்தான் வந்திருக்க வேண்டும். 40 பேர் இருந்த இடத்தில் 15 பேர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே, ‘ரோட்டா இல்லை’ என்று முடிவு வந்த குழந்தையின் படிவத்தை அரைகுறையாக விட்டுவிடாதே. ரோட்டா உள்ளவர்களில் எத்தனை பேர் மருந்து பெற்றவர்கள், இல்லாதவர்களில் எத்தனை பேர் பெற்றவர்கள் என்று ஒப்பிட்டுத்தான் மருந்தின் பலனை அளக்கிறார்கள். ஒரு பக்கம் ஓட்டையாக இருந்தால் மறுபக்கத்துக்கும் மதிப்பில்லை.

தடுப்பூசி அட்டையை உன் கண்ணால் பார்த்து எழுது. ‘சொட்டு மருந்து எல்லாம் போட்டாயிற்று’ என்று தாய் சொல்வாள். போலியோவும் சொட்டு, இதுவும் சொட்டு. அவள் எதைச் சொல்கிறாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? 6, 10, 14 வாரங்களில் கொடுத்த தேதிகள் அட்டையில் இருக்கும். அட்டை ஊரில் இருந்தால், வீட்டாரைப் படம் எடுத்து அனுப்பச் சொல். இராத்தூக்கம் இல்லாமல் இருப்பவளிடம் கடுமையாகப் பேசாதே, கண்ணு.

குடல் செருகலோடு, அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் சிக்கலோடு, வரும் குழந்தைகளையும் கவனி. அமெரிக்காவில் 1998இல் வந்த முதல் ரோட்டா தடுப்பு மருந்தை அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றார்கள், இந்தச் சிக்கலால்தான். யாரோ சிலர் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்ததால் அது தெரியவந்தது. இப்போதுள்ள மருந்துகளின் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. அதற்காகக் கண்காணிப்பைத் தளர்த்தலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குளிர்காலம் வருகிறது, வடக்கே ரோட்டா கூடும் பருவம். மாதிரிக் குப்பிகளும் படிவங்களும் போதுமான அளவு இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள். பொங்கலுக்கு நீ வரும் வாரத்தில் அனுமதியாகும் குழந்தைகள் விடுபடாமலிருக்க, பதிவேட்டை யாருக்காவது கற்றுக்கொடுத்துவிட்டு டிக்கெட் எடு.

அன்புடன்,
அம்மா