எந்த அறையில் சோதித்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுக்குமாடி வீடுகளில் வாழும் மாணவர்களுக்குக் காலணிப் பெட்டியைவிடச் சற்றே பெரிய கணினிகள் ஏற்றவை என்றும், பத்து லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பெட்டிக்குள் விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் வேண்டிய வலிமை முழுவதையும் அடக்கிவிடலாம் என்றும் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் அண்மையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. அடக்கிவிடலாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏழடிக்கு ஒன்பதடி அறையில் இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீடுகள் பினாங்கில் எத்தனையோ உள்ளன. அங்கே மேசைக்கடியில் பெரிய கேசிங் ஒன்றை வைத்தால் கால் நீட்ட இடமிருக்காது. ஆனால் முழுச் சுமையில் ஓடும்போதும் கணினியின் மூளையான புரோசசரின் வெப்பம் 78 டிகிரியைத் தாண்டவில்லை என்று அக்குறிப்பு சொல்லியிருந்த இடத்தில், பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. எந்த அறையில் 78 டிகிரி?

காற்றைக் கொண்டு குளிர்விக்கப்படும் எந்தப் பொருளும் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. புரோசசரின் மேல் நாம் பொருத்தும் கூலர், அறை வெப்பநிலைக்கு மேல் அது எத்தனை டிகிரி ஏறும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. அதே சுமை, அதே விசிறி வேகம் என்று வைத்துக்கொண்டு அறையை மட்டும் 21 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்கு ஏற்றினால், புரோசசரும் ஏறத்தாழ அதே 11 டிகிரி ஏறிக்கொள்ளும். இத்தகைய கணினிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில், இருபது டிகிரியை ஒட்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. கவனமுள்ள மதிப்பீட்டாளர்கள் அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்று பிரித்தே எழுதுகிறார்கள். அதை எடுத்தாள்பவர்கள்தாம் அந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். ஆயர் ஈத்தாமில் மேல்மாடியில் இருக்கும் என் வீட்டில், பிற்பகல் மூன்று மணிக்குச் சுவரில் தொங்கும் வெப்பமானி 32 அல்லது 33 காட்டுகிறது. குளிர்சாதனம் இரவில் மட்டுந்தான் ஓடும். ஆகவே அந்த 78 ஒரு 21 டிகிரி அறையில் எடுத்ததென்றால், இங்கே 89 ஆகிவிடும். பெரிய பெட்டியாக இருந்தால் விசிறியைச் சற்று வேகமாகச் சுழல விட்டுச் சமாளிக்கலாம், சிறிய பெட்டியில் அதற்கு மிச்சம் வைத்திருக்க மாட்டார்கள்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1200 ஜூல் போதும். புரோசசரும், திரைக்கான படங்களை உருவாக்கும் கிராஃபிக்ஸ் அட்டையும், மற்றவையும் சேர்ந்து 300 வாட் வெப்பத்தை வெளியிடுகின்றன என்றும், உள்ளே நுழையும் காற்று வெளியேறும்போது 10 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்றும் கொண்டால், விநாடிக்கு 25 லிட்டர் காற்று அந்தப் பெட்டியின் வழியே ஓடியாக வேண்டும். அதாவது, பத்து லிட்டர் பெட்டியிலுள்ள காற்று முழுவதும் ஒரு விநாடிக்குள் இரண்டரை முறை மாற வேண்டும். (உள்ளே பாகங்கள் நிறைந்திருப்பதால் காற்றுக்கு மிஞ்சும் இடம் பத்து லிட்டர்கூட இல்லை என்பது வேறு.) விசிறியின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு, முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாத நிலையில் அளந்தது. துளையிட்ட தகடு, தூசி வலை, விரல் விட இடமில்லாமல் சுருட்டித் திணித்த மின்கம்பிகள் ஆகியவற்றைக் கடந்து வரும்போது அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை எந்தப் பெட்டியின் மீதும் அச்சிடுவதில்லை.

பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் தங்கையின் மகன், பாலிடெக்னிக்கில் படிப்பவன், சென்ற ஆண்டு தன் பகுதிநேர வேலைச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து இப்படி ஒரு கணினிக்கான பாகங்களை ஒரு கடையில் வாங்கி வந்தான். "எல்லாம் உள்ளே போய்விடும் மாமா, கடைக்காரரே சொல்லிவிட்டார்" என்றான். பாகங்களையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை மினி-ஐடிஎக்ஸ், 2001ஆம் ஆண்டு வியா நிறுவனம் வகுத்த அளவு அது, 170 மில்லிமீட்டர் சதுரம். வழக்கமான ஏடிஎக்ஸ் பலகையோ 305க்கு 244. பலகையைப் பொறுத்தவரை வம்பில்லை, ஏனென்றால் திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி இருக்கிறது. மின்வழங்கியும் அப்படித்தான்; எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய வகை என்றால் அகலம் 125, நீளம் 100, உயரம் 63.5 மில்லிமீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கூலருக்கும் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் அத்தகைய கட்டுப்பாடு கிடையாது. அவரவர் விருப்பத்துக்கு உயர்த்தியும் தடித்தும் செய்கிறார்கள்.

இவ்வகைப் பெட்டிகளில் நடுவே ஒரு சுவர் இருக்கும்; ஒரு பக்கம் தாய்ப்பலகையும் கூலரும், மறுபக்கம் கிராஃபிக்ஸ் அட்டையும் முதுகோடு முதுகாக உட்காரும். சிலவற்றில் அந்தச் சுவரை நகர்த்தலாம். எடுத்துக்காட்டாக, ஃபிராக்டல் நிறுவனத்தின் டெர்ரா என்ற 10.4 லிட்டர் பெட்டியில் கூலருக்கு 48 முதல் 77 மில்லிமீட்டர் வரையும், அட்டைக்கு 72 முதல் 43 மில்லிமீட்டர் வரையும் இடம் கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 120தான். விளம்பரத்தை மேலோட்டமாகப் படிப்பவர், 77 மில்லிமீட்டர் கூலரும் 72 மில்லிமீட்டர் அட்டையும் ஒன்றாகப் போடலாம் என்று எண்ணிவிடுவார். என் மருமகன் வாங்கியது வேறு பெட்டி என்றாலும் தவறு இதேதான். அட்டை இரண்டரை ஸ்லாட் (பெட்டியில் அட்டைகளைப் பொருத்தும் இடத்தின் அலகு) தடிமன். ஒரு ஸ்லாட்டுக்கு 20.32 மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஏறத்தாழ 51 மில்லிமீட்டர். அதற்கு இடம் ஒதுக்கிய பிறகு மறுபக்கம் 66 மில்லிமீட்டர்தான் மிஞ்சியது. கடையில் கொடுத்த கூலரின் உயரமோ 70. பையன் விடவில்லை. பக்கத் தகட்டை அழுத்தி மூடித் திருகியும் விட்டான். விருந்தில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டவரின் சட்டையைப் போலத் தகடு புடைத்து நின்றது. அந்த அழுத்தம் முழுவதும் புரோசசரின் மீதும் பலகையின் மீதும் இறங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றிவிட்டு 47 மில்லிமீட்டர் கூலரைப் போட்டோம். அட்டையின் மின்கம்பியும் தொல்லை கொடுத்தது. அட்டையின் நீள அகலங்களைப் பெட்டிக்கு ஒத்துப் பார்ப்பவர்கள், அதில் செருகப்படும் கம்பிக்கும் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இப்போதைய பதினாறு முனை இணைப்பில் செருகியிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கம்பியை வளைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது. செருகி முழுமையாகப் பதியாமல் உருகிய நிகழ்வுகள் உண்டு. அட்டையையும் பலகையையும் இணைக்கும் ரைசர் நாடா பழைய தலைமுறையாக இருந்ததால் திரையில் படமே வரவில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாசில் அந்த இணைப்பின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கியதும் வந்தது.

பிறகுதான் வெப்பம். அவன் வாங்கியிருந்த ரைசன் 5 7600எக்ஸ் புரோசசருக்கு அறிவிக்கப்பட்ட அளவு 105 வாட் என்றாலும், அது உண்மையில் 142 வாட் வரை இழுத்துக்கொள்ள அனுமதி பெற்றது. 47 மில்லிமீட்டர் கூலரால் அதைத் தாங்க முடியுமா? 32 டிகிரி அறையில் ஒரு நிமிடத்துக்குள் 95 டிகிரியைத் தொட்டுவிட்டது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 95 டிகிரி என்பது அந்தப் புரோசசருக்கு அதன் தயாரிப்பாளரே வகுத்த எல்லை, அதைத் தொட்டதும் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு அங்கேயே நிற்கும், எரிந்துபோகாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது, விசிறியும் ஓயாது. மாவு அரைக்கும் இயந்திரத்தை யார் போட்டது என்று என் தங்கை அடுக்களையிலிருந்து கேட்டாள்.

மருந்து செலவில்லாதது. பயாசில் ஈக்கோ முறை என்ற ஒன்று உண்டு. அதில் 65 வாட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் புரோசசர் இழுக்கும் மின்சாரம் 88 வாட்டோடு நின்றுவிடும். மின்சாரம் இவ்வளவு குறைந்தும் விளையாட்டில் வேறுபாடு தெரியாததற்குக் காரணம், சில்லு உண்ணும் மின்திறன் அதன் அலைவெண்ணோடு மட்டுமல்லாமல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது என்பதுதான். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸைப் பிழிந்தெடுக்கத்தான் மின்னழுத்தத்தை அவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறது. கிராஃபிக்ஸ் அட்டையின் வரம்பையும் எண்பது விழுக்காட்டுக்கு இறக்கினோம். கூடவே, கூலர் விசிறிக்கும் பக்கத் தகட்டின் துளைகளுக்கும் இடையே இருந்த இடைவெளியைச் சுற்றிலும், கதவிடுக்கில் ஒட்டும் நுரைப் பட்டையை வெட்டி வளையமாக ஒட்டினேன். அந்த இடைவெளி வழியாக, விசிறி தான் ஊதிய சூடான காற்றையே மறுபடி உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான்கைந்து வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள அந்தப் பட்டை மட்டுமே ஐந்தாறு டிகிரியைக் குறைத்தது. இப்போது அதே அறையில், அதே பிற்பகலில், 82 டிகிரிக்கு மேல் போவதில்லை.

இத்தனை பாடுபட்டு இறக்கியதற்குப் பதிலாக, முதலிலேயே ரைசன் 5 7600 என்ற எக்ஸ் இல்லாத புரோசசரை வாங்கியிருந்தால் போதும். அது தொடக்கத்திலேயே 65 வாட்டுக்கும் 88 வாட்டுக்கும் அமைத்து வருவது. சிறிய பெட்டி கேட்டு வந்தவனிடம் கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இடம் ஓரளவு இருப்பவர்கள் பத்து லிட்டருக்குப் பிடிவாதம் பிடிக்காமல் பதினெட்டு லிட்டர் வகையைப் பார்க்கலாம். கூலர் மாஸ்டரின் என்ஆர்200 போன்றவற்றில் 15 சென்டிமீட்டர் உயரக் கூலரே உட்காரும், மேசையில் அது பிடிக்கும் இடமும் பெரிதாகக் கூடிவிடாது. நீர்க்குளிர்விப்பைத் தீர்வாகச் சொல்பவர்களும் உண்டு. ரேடியேட்டரும் விசிறியும் சேர்ந்தாலே பெரும்பாலும் 52 மில்லிமீட்டர் தடிமன் ஆகிவிடும், அந்த நீரும் அறை வெப்பநிலைக்குக் கீழே போகப்போவதில்லை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லையை வெளிநாட்டு மதிப்பீடு எதிலும் நான் படித்ததில்லை. அடியில் அகலத் துளை விட்ட பெட்டிக்குள் இரவில் வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி புகுந்துகொள்ளும். என் வீட்டுக் கணினி ஒன்றின் மின்வழங்கி அப்படித்தான் ஒரு பல்லியோடு சேர்ந்து உயிரை விட்டது. பல்லி விழும் பலன் சொல்லும் பஞ்சாங்கத்தில் மின்வழங்கியின் மேல் விழுந்தால் என்ன பலன் என்று தேடிப் பார்த்தேன், போடவில்லை. அதன் பிறகு மெல்லிய வலையை அடியில் ஒட்டி, மாதம் ஒரு முறை அதிலுள்ள தூசியைத் தட்டிவருகிறேன். புகைமூட்டம் சூழும் மாதங்களில் இரண்டு முறை.

1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் அமைத்தது. ஏஎம்டியும் அதே ஆண்டு பாயான் லெப்பாசுக்கு வந்தது. எத்தனையோ நம்மவர் குடும்பங்கள் அந்தத் தொழிற்சாலைகளின் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. நான் வேலை பார்த்த இடத்தில், சில்லின் வெப்பத்தைக் குறித்துவிட்டு அறை வெப்பநிலையைக் குறிக்காத அறிக்கையை மேற்பார்வையாளர் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். புதிதாக வந்த பெண்கள்கூட ஒரு வாரத்தில் அதைப் பழகிக்கொண்டார்கள்.

ஆகையால், இனி இத்தகைய கணினிகளைத் தங்கள் பக்கத்தில் அறிமுகம் செய்யும்போது, லிட்டர் அளவோடு நின்றுவிடாமல், அட்டையைப் பொருத்திய பிறகு கூலருக்கு எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சுகிறது என்பதையும், வெப்ப அளவுகள் எத்தனை டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விளம்பரம் கொடுக்கும் கடைகளிடமும் தாங்கள் இதைக் கேட்டு வாங்கலாம். குளிர்சாதனம் இல்லாத ஓர் அறையில், பிற்பகல் மூன்று மணிக்கு, யாரேனும் ஒரு முறை சோதித்து எழுதினால் அதைவிட நல்லது; இடம் வேண்டுமென்றால் என் வீட்டு மேல்மாடி அறையைத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.